சொகுசுக் காரின் பிரேக் டிஸ்க்: ஆயுள் உறுப்பு தேய்பொருளான வரலாறு

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பெடலை மிதித்ததும், தட்டின் விளிம்பைக் கவ்வி நிற்கும் காலிப்பர் என்ற கூட்டுக்குள் இருக்கும் பிஸ்டன்கள் இரு பக்கமும் உள்ள பேட்களைத் தட்டின்மேல் அழுத்துகின்றன. காரின் வேகம் வெப்பமாகித் தட்டுக்குள் இறங்குகிறது. 2 டன் எடையுள்ள சொகுசுக் கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது டிஸ்க்குகள் ஏறக்குறைய 770 கிலோஜூல் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேகம் 200 ஆனால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகிறது. நான்கு டிஸ்க்குகளும் சேர்ந்து 40 கிலோ என்று கொண்டால், அந்த ஒரே பிரேக்கில் அவற்றின் சூடு சுமார் 170 டிகிரி ஏறும். ஒவ்வொரு பிடிப்பிலும் பேட் கொஞ்சம் கரைகிறது. டிஸ்க்கும் கொஞ்சம் கரைகிறது. பேட் தேயும் என்பது முதலிலிருந்தே எல்லாரும் அறிந்தது. டிஸ்க்கும் தேய்ந்து கழியும் பொருள்தான், அதை அளந்து பார்த்துக் காலத்தில் மாற்ற வேண்டும் என்ற பழக்கம் வேரூன்றப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் பெரும்பங்கு எடையும் வேகமும் மிகுந்த விலையுயர்ந்த கார்களுடையது.

தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு மென்மையான பொருளை வைத்து, விலையுயர்ந்த பாகத்தைக் காப்பாற்றுவது பிரேக்கின் ஆதி உத்தி. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றபோது, இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு காலணித் தொழிலாளியிடம் சொல்லி அந்தக் கட்டைகளின் மேல் தோலை அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங்கின் பிறப்பாக இந்தத் தோல்துண்டைத்தான் குறிப்பிடுகிறார்கள். தோல் தேய்ந்தால் வேறு தோல் அடித்துக்கொள்ளலாம், கட்டை தப்பிக்கும்.

டிஸ்க் பிரேக்குக்கு 1902-ல் காப்புரிமை பெற்றவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். சுழலும் உலோகத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அமைப்பு அது. இன்றைய பிரேக்கின் அடிப்படை முழுவதும் அதில் இருந்தது. உராய்வுக்கு ஏற்ற பொருள் மட்டும் அவர் கையில் இல்லை. செம்பு பதித்த கவ்விகள் இரும்புத் தட்டில் உராய்ந்தபோது பொறுக்க முடியாத கீச்சொலி எழுந்தது. அக்காலத்துப் புழுதிச் சாலைகளில் செம்பு வேகமாகத் தேய்ந்தும் போயிற்று. டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் நாரால் ஆன லைனிங்கை அந்தப் பத்தாண்டிலேயே கொண்டுவந்தது. வெப்பத்தைத் தாங்கியது, ஒலி அடங்கியது. ஆனால் அந்த நல்ல பொருள் போய்ச் சேர்ந்தது டிஸ்க்குக்கு அல்ல, டிரம்முக்கு. லூயி ரெனோ 1902-ல் வடிவமைத்த டிரம் பிரேக்கே அடுத்த ஐம்பது ஆண்டுகள் கார் உலகை ஆண்டது. மூடிய டிரம்முக்குள் மண்ணும் நீரும் புகுவது குறைவு. டிரம்மின் உட்சுவரில் உராயும் ஷூவைச் சுழற்சியே இழுத்து அழுத்திக்கொள்வதால் ஓட்டுநரின் கால்பலம் குறைவாக இருந்தாலும் போதும்.

டிரம்மின் பலவீனம் வெப்பம். சூடேறிய டிரம் விரிந்து ஷூக்களை விட்டு விலகுகிறது, பெடல் கீழே கீழே போகிறது, பிடிப்பு மங்குகிறது. டிஸ்க் சூடேறினால் தடிமனில் விரிந்து பேட்டை நோக்கியே வருகிறது. காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறியும்விடுகிறது. இந்த வேறுபாடு ஊருக்குள் ஓடும் காரில் பெரிதாகத் தெரியாது. மணிக்கு 200 கி.மீ.-ஐத் தாண்டும் காரில் இதுவே உயிர்ப் பிரச்சினை. 1949-ல் அமெரிக்காவின் கிராஸ்லி என்ற சிறு கார் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை அரித்துவிட, சீக்கிரமே கைவிடப்பட்டது. அதே ஆண்டில் கிரைஸ்லரின் உயர்விலைக் காரான கிரவுன் இம்பீரியலும் ஒருவகை டிஸ்க் பிரேக்கைப் பெற்றது. அதில் இரண்டு தட்டுகள் விலகி விரிந்து ஒரு கூட்டின் உட்சுவர்களில் உராயும். விலை அதிகம், அமைப்பு சிக்கல். 1950-களின் நடுப்பகுதிக்குள் அதுவும் மறைந்தது.

உண்மையான திருப்பம் விமானத்திலிருந்து வந்தது. தரையிறங்கும் விமானத்தை நிறுத்த டன்லப் நிறுவனம் உருவாக்கியிருந்த டிஸ்க் பிரேக்கைக் காருக்கு ஏற்றவாறு மாற்றும் வேலை, கோவென்ட்ரியில் ஜாகுவாரோடு சேர்ந்து 1950-களின் தொடக்கத்தில் நடந்தது. ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் அந்த வேலையில் நெடுநாள் உழைத்தார். முதலில் வந்த தொல்லைகள் இரண்டு. கடும் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்கும் தன்மையுள்ளது என்பதால் பெடல் வெறுமையாகத் தரைவரை போகும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. வளைவில் அச்சு சற்று வளைந்தாலோ, தட்டு சற்றுக் கோணலாகச் சுழன்றாலோ, அது பேட்களைப் பின்னால் தட்டித் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பேட் அந்த இடைவெளியைக் கடந்து வர வேண்டியிருப்பதால், முதல் மிதி வீணாகும். ஆகவே ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே பெடலை ஒருமுறை மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். டிஸ்க் கோணாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் இன்றைய சோதனைக்கு இந்தப் பந்தயக்காலத் தொல்லையே முன்னோடி.

1952-ல் ரீம்ஸ் நகரில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டிய சி-டைப் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. 1953 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று சி-டைப் கார்கள் டிஸ்க்குகளோடு வந்தன. முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. வென்ற காரை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ.; முந்தைய ஆண்டு மெர்சிடிஸ் வென்றபோது சுமார் 155. எஞ்சினின் பலத்தால் மட்டும் கிடைத்த உயர்வல்ல இது. 6 கி.மீ. நீளமான முல்சான் நேர்சாலையின் முடிவில் டிரம் பிரேக் கார்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஜாகுவார்கள் இன்னும் சில நூறு மீட்டர் முழு வேகத்தில் போக முடிந்தது. அதையும் பொழுது முழுவதும், சுற்றுக்குச் சுற்று, மங்காமல் செய்ய முடிந்தது. டிரம்மையே நம்பியிருந்த மெர்சிடிஸ் 1955-ல் அதே களத்துக்குத் திரும்பியபோது, ஓட்டுநருக்குப் பின்னால் உயரும் பெரிய காற்றுத் தடுப்புப் பலகையை 300 எஸ்.எல்.ஆர். காரில் பொருத்திக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்தப் பந்தயத்தில்தான் 80-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட கோர விபத்து நடந்தது. டிஸ்க் பிரேக் உள்ள காரும் டிரம் பிரேக் உள்ள காரும் ஒரே பாதையில் ஓடும்போது நிற்கும் தூரத்தில் ஏற்படும் வித்தியாசமும் அதன்பின் வந்த விவாதங்களில் பேசப்பட்டது.

1955-ல் சிட்ரோயென் டி.எஸ். முன்சக்கர டிஸ்க்குகளைப் பெரும் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1956-ல் கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகள் ட்ரையம்ப் டி.ஆர்.3-ல் ஏறின. 1957-ல் ஜாகுவார் எக்ஸ்.கே.150 நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்தது. பழுதுபார்ப்புத் தொழிலின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் காரின் முதல் காலிப்பர்களில் பேட்கள் வட்டமானவை. அவற்றை மாற்றக் காலிப்பரையே கழற்றிப் பிரிக்க வேண்டும், பிரித்தால் எண்ணெய் வடியும், பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். பந்தயக் குழுவுக்குப் பழகிய இந்த வேலை, ஊர்ப் பட்டறைக்குப் பெரும் சுமை. ஓரிரு ஆண்டுகளிலேயே சதுரப் பேட்கள் வந்தன. ஒரு பூட்டை எடுத்துவிட்டு மேலாக உருவி எடுக்கலாம். ஆயுள் குறைந்த பாகம் எளிதில் கழல வேண்டும் என்ற நெறி அன்றே பேட்டுக்கு வாய்த்துவிட்டது. டிஸ்க்குக்கு வாய்க்கவில்லை, அது வண்டியின் ஆயுள்வரை இருக்கும் உறுப்பு என்றே வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள்.

அந்த நினைப்பின் உச்சம் ஜாகுவாரின் பின்சக்கர அமைப்பு. 1961-ல் வந்த இ-டைப், மார்க் டென் கார்களில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. காரின் நடுவே டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டி இருந்தன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் பயணம் மெத்தென்று இருக்கும் என்பது பொறியாளர்களின் நோக்கம். அதில் அவர்கள் வென்றார்கள். 1968-ல் வந்த எக்ஸ்.ஜே.6 அக்காலத்தின் மிக அமைதியான, மிக மென்மையான கார்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டதற்கு இந்த அமைப்பும் காரணம். ஆனால் தேய்ந்த பின்சக்கர டிஸ்க்கை மாற்ற வேண்டுமானால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும், அதைத் தாங்கும் கூட்டோடு, வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் டிஸ்க் சூடேறி, டிஃபரன்ஷியலின் எண்ணெய்ச் சீல்களை வாட்டும். கசிந்த எண்ணெய் டிஸ்க்கில் தெறிக்கும். பேட்டைச் சோதிக்கவே வண்டிக்கடியில் படுத்துக் கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. பார்க்கக் கடினமான பாகம் பார்க்கப்படாமலே போகும் என்பதை இந்தக் கார்கள் நெடுங்காலம் மெய்ப்பித்தன. 1986-ல் வந்த எக்ஸ்.ஜே.40 மாடலில்தான் ஜாகுவார் பின் டிஸ்க்குகளைச் சக்கரத்துக்குக் கொண்டுபோனது. பயணச் சுகத்தில் சிறிது விட்டுக்கொடுத்துப் பராமரிப்பைக் காப்பாற்றிய அந்த முடிவு மிகச் சரியானது. இருபத்தைந்து ஆண்டு தாமதமாக வந்தது என்பதே குறை.

ரோல்ஸ்-ராய்ஸ் டிஸ்க்கை ஏற்கத் தயங்கியதற்குக் காரணம் லான்செஸ்டர் காலத்துப் பழைய கீச்சொலிதான். அமைதியை விற்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சிடும் பிரேக் ஆகாது. சில்வர் கிளவுட் கடைசிவரை டிரம்மிலேயே ஓடியது. 1965-ல் சில்வர் ஷாடோ வந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்; சிட்ரோயெனிடம் உரிமம் பெற்ற உயரழுத்த ஹைட்ராலிக் அமைப்பு. டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அதிரும் தட்டின் அதிர்வைக் கம்பிச்சுற்று தன் உராய்வால் உண்டுவிடும், ஒலி எழாது.

ஜெர்மனியில் கதை வேறு. 1961-ல் மெர்சிடிஸின் உயர்ரக மாடல்களில் டிஸ்க் நுழைந்தது. 1963-ல் வந்த 600 மாடலில் நான்கு சக்கரங்களிலும் இருந்தது. வேகக் கட்டுப்பாடில்லாத ஆட்டோபானில், நிறைபாரத்தோடு, உச்ச வேகத்திலிருந்து மீண்டும் மீண்டும் நிற்க வேண்டும் என்பது அங்கே கற்பனைச் சோதனையல்ல, அன்றாடம். ஆகவே ஜெர்மன் கார்களின் பேட்கள் பிடிப்பு மிகுந்தவையாக, டிஸ்க்கைச் சுரண்டும் தன்மையுள்ளவையாக அமைந்தன. இரண்டு தட்டுகளுக்கிடையே காற்றுக்கால்கள் விட்டு வார்த்த டிஸ்க் 1960-களின் நடுவில் கார்வெட், போர்ஷ 911 எஸ் போன்ற கார்களில் வந்து, பிறகு கனமான செடான்களின் முன்சக்கரங்களுக்கு விதியாயிற்று. இத்தாலியில் பெர்காமோ அருகே 1961-ல் தொடங்கிய பிரெம்போ 1964-ல் மாற்று உதிரிபாகச் சந்தைக்கென்றே டிஸ்க் வார்க்கத் தொடங்கியது. டிஸ்க்கைத் தனியாக வாங்கி மாற்றுவார்கள் என்று நம்பி ஒரு தொழிற்சாலை முதலிட்டது, பழக்கம் மாறத் தொடங்கியதன் தெளிவான அடையாளம்.

மாற்றுவதற்கு முன் நெடுங்காலம் நிலவிய வழக்கம் லேத்தில் கடைவது. வரி விழுந்த டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் ஏற்றி, இரு முகத்தையும் மெல்லச் சீவிச் சமமாக்குவார்கள். அமெரிக்கப் பட்டறைகளில் பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கைக் கடைவது ஏறக்குறையச் சடங்காகவே இருந்தது. அன்றைய டிஸ்க்குகளில் அதற்கான சதையும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கடைசலும் டிஸ்க்கின் தடிமனைத் தின்கிறது. தடிமன் குறைந்தால் வெப்பத்தை வாங்கும் இரும்பு குறைகிறது. அதே பிரேக்கில் சூடு கூடுகிறது. விரிசல் விடும் அபாயம் வருகிறது. பிஸ்டனும் தன் துளையிலிருந்து அதிகம் வெளியே வர நேர்கிறது. இதனால்தான் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமனைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. புதிதில் 30 மி.மீ. உள்ள முன் டிஸ்க்கை 28 மி.மீ. சுற்றுப்பட்டில் கழிக்கச் சொல்வது சாதாரணக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. மட்டும். கடைய வேண்டிய ஆழத்தையும், கடைந்தபின் அடுத்த பேட் ஓடி முடியும்வரை ஆகும் தேய்மானத்தையும் இதிலிருந்து கழித்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. எடையைக் குறைக்க டிஸ்க்குகள் மெலிந்துகொண்டே வந்தன. பட்டறைக் கூலி ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்கின் விலை ஒப்பீட்டளவில் இறங்கியது. லேத்தின் காலம் அப்படித்தான் முடிந்தது.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் டிஸ்க்கோடு நட்பாக இருந்த பொருள். தான் தேயும், இரும்பை அதிகம் தேய்க்காது. ஆனால் அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். பழைய பட்டறைகளில் டிரம்மைத் திறந்ததும் காற்றுக்குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவது அன்றாட வழக்கம். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் பெரும்பாலும் இளம் பயிற்சித் தொழிலாளர்கள். பிரேக் வரலாற்றைப் பந்தய வெற்றிகளின் பட்டியலாக மட்டும் எழுதுபவர்கள் இந்த மனிதர்களை விட்டுவிடுகிறார்கள்; அப்படி விடுவது நியாயமல்ல. 1980-களில் ஐரோப்பியப் பேட்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் விலகத் தொடங்கியது. பிரிட்டன் 1999-ல் அதை முழுவதும் தடைசெய்தது. அதன் இடத்தில் எஃகு நாரும் செம்பும் கனிமத் துகள்களும் கலந்த பேட்கள் வந்தன. தேய்மானத்தில் ஒரு பங்கு பேட்டிலிருந்து டிஸ்க்குக்கு நகர்ந்தது. இரண்டு ஜோடி பேட்டுக்கு ஒரு ஜோடி டிஸ்க் என்ற கணக்கு ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் இயல்பாகிவிட்டது. அவற்றின் சக்கரங்களில் படியும் கருந்தூள் பேட்டின் தூள் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள்; அதில் டிஸ்க்கின் இரும்பும் ஏராளம்.

சோதிக்கும் முறையும் இதோடு சேர்ந்து கூர்மையானது. ஜெர்மனியில் 1951 முதலும் பிரிட்டனில் 1960 முதலும் கட்டாய வாகனச் சோதனை நடைமுறைக்கு வந்தது. பிரேக் அதில் முதன்மையானது. பட்டறையில் அளக்கும் கருவி மைக்ரோமீட்டர். வெளி விளிம்பில் பேட் படாத ஒரு வளையம் தேயாமல் மேடாக நின்றுவிடும். அதில் துருவும் சேரும். சாதாரண வெர்னியரை அதன்மேல் வைத்தால், தேய்ந்த டிஸ்க்கும் புதியதுபோல அளவு காட்டும். மேட்டைத் தாண்டி உள்ளே, பேட் ஓடும் பாதையில், சுற்றிலும் பல இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். காந்தக் காலில் நிறுத்திய டயல் கேஜின் முனையை டிஸ்க்கில் வைத்துச் சுழற்றினால் கோணல் தெரியும், 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பொதுவாக ஏற்பார்கள். வெப்பத்தால் வெடித்த மயிரிழைக் கீறல்கள், நீலம்பாய்ந்த திட்டுகள், ஆழ்ந்த வரிகள், உட்புற முகத்தின் துரு ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். உட்புற முகமே பெரும்பாலும் முதலில் கெடுகிறது. சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது வெளிமுகம் மட்டுமே என்பதால், சக்கரத்தைக் கழற்றாத சோதனை பாதிச் சோதனைதான்.

உயர்வேகத்தில் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது பட்டறைகளின் நெடுநாள் வழக்கம். பந்தயப் பொறியாளரும் நூலாசிரியருமான கேரல் ஸ்மித் இதை உறுதியாக மறுத்தார். பெரும்பாலான நேரங்களில் டிஸ்க் வளைவதில்லை. பேட்டின் பொருள் அதன்மேல் ஒழுங்கற்றுத் திட்டுத்திட்டாகப் படிகிறது. படிந்த இடம் அதிகம் உராய்ந்து அதிகம் சூடேறுகிறது. 650 டிகிரிக்கு மேல் போனால் அங்கே இரும்பு சிமென்டைட் என்னும் கடினப் பொருளாக மாறுகிறது. கடினமான இடம் குறைவாகத் தேய்ந்து மேடாக நிற்கிறது. தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவு வேறுபட்டாலே கனமான காரில் நடுக்கம் உணரப்படும். கடுமையாகப் பிரேக் பிடித்து நின்றபின் பெடலை மிதித்தபடியே காத்திருப்பது இந்தத் திட்டுகளுக்கு ஒரு காரணம்.

மாற்றும் முறையின் பல விதிகள் இந்த அறிவிலிருந்து பிறந்தவை. ஒரே அச்சின் இரு டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிடிப்பு ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்க்குக்குப் பழைய பேட்டைப் போடக்கூடாது. பழைய வரிகளில் பதிந்த பேட் புதிய முகத்தில் மேடுகளில் மட்டுமே படும். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியுமளவு சுத்தம் செய்ய வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் துருச்செதில் மிகச் சிறியதானாலும், விட்டம் பெரிதான டிஸ்க்கின் விளிம்பில் அது பலமடங்கு கோணலாகத் தெரியும். துரு வராமலிருக்கப் புதிய டிஸ்க்கில் பூசிய எண்ணெயைக் கரைப்பான் கொண்டு துடைக்க வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, மிதமான வேகத்திலிருந்து பலமுறை படிப்படியாகப் பிரேக் பிடித்து, முழுதும் நிறுத்தாமல், பேட்டின் பொருள் டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படியுமாறு பழக்க வேண்டும். இந்த இறுதிப் படியை அவசரத்தில் விட்டுவிடுவதால்தான் புது டிஸ்க் போட்ட சில ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்புகிறது. ஐரோப்பாவில் உதிரி டிஸ்க்குகளும் ஆர்.90 தரச்சான்று பெற வேண்டும் என்ற விதி 2016 முதல் புதிய மாடல்களுக்கு வந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. கர்லிங் பிரேக்குகளைத் தன்வசம் வைத்திருந்த இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து டி.வி.எஸ். குழுமம் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. பாடியில் எழுந்த அதன் தொழிற்சாலை இந்தியாவின் பிரேக் தொழிலுக்கு அடித்தளங்களுள் ஒன்று. பின்னர் சொகுசுக் கார்களும் வந்தன: 2007 முதல் சென்னைக்கு அருகே மறைமலை நகரை அடுத்த மஹிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கார்கள் இணைக்கப்படுகின்றன.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவே மின்னணு புகுந்தது. மெர்சிடிஸ் 2001-ல் எஸ்.எல். காரிலும் 2002-ல் இ-கிளாஸிலும் கொண்டுவந்த சென்சோட்ரானிக் அமைப்பில் பெடலுக்கும் காலிப்பருக்கும் இயல்பான வேளையில் நேரடித் தொடர்பு இல்லை. கணினி ஆணையிட, பம்ப் அழுத்தம் தரும். கதவைத் திறந்தாலே அமைப்பு விழித்து அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். பேட்டை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கும் தொழிலாளியின் விரல் நசுங்கக்கூடும் என்பதால், கணினிக் கருவியால் அதை முடக்கிவைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. 2004-லும் 2005-லும் பெரும் எண்ணிக்கையில் கார்கள் திரும்பப் பெறப்பட்டு, சில ஆண்டுகளில் இ-கிளாஸிலிருந்து அந்த அமைப்பு நீக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில் பரவிய மின்சார ஹேண்ட் பிரேக் நிலைத்துவிட்டது. பின் காலிப்பரின் மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் அதன் திருகு உடையும். ஸ்பானரும் மைக்ரோமீட்டரும் போதும் என்றிருந்த வேலைக்கு மடிக்கணினியும் தேவையாயிற்று.

இரும்பையே விட்டுவிட்ட டிஸ்க்கும் இந்தக் காலத்ததுதான். கார்பன் நாரைச் சுட்டு, 1,400 டிகிரிக்கு மேல் உருகிய சிலிக்கானை அதற்குள் ஊறவிட்டால் சிலிக்கான் கார்பைடு உருவாகும். போர்ஷ 2001-ல் 911 ஜி.டி.2 காரில் இத்தகைய டிஸ்க்கை வழக்கமான பாகமாகவே பொருத்தியது. எடை இரும்பின் பாதி, சாதாரணச் சாலையில் தேய்மானம் மிகக் குறைவு, துரு இல்லை. ஆனால் பந்தயத் தடத்தின் கடும் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் நார் காற்றோடு சேர்ந்து எரிந்துபோகும். தடிமன் அப்படியே இருக்க, உள்ளே பொருள் வெறுமையாகும். ஆகவே இந்த டிஸ்க்கைத் தடிமனால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதில் பொறித்திருப்பது குறைந்தபட்ச எடை. கழற்றி, கழுவி, உலர்த்தி, தராசில் வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது விளிம்பில் இடித்தால் சில்லு பெயரும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெயர்ந்தால் டிஸ்க் கழிவுதான்.

அண்மைக் காலத்தில் டிஸ்க்கைக் கழிக்கச் செய்யும் காரணமே மாறி வருகிறது. மின்சாரக் காரில் பெரும்பாலான வேகக் குறைப்பை மோட்டாரே மின்னுற்பத்தியாகச் செய்துவிடுகிறது. டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத இரும்பு துருப்பிடிக்கிறது. பேட் துடைக்காத முகத்தில் துரு குழிபறித்து, தடிமன் நிறைய இருக்கும்போதே டிஸ்க் சோதனையில் தோற்கிறது. இதனால் வோக்ஸ்வாகன் ஐ.டி.3, ஆடி க்யூ4 இ-ட்ரான் போன்ற மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக் திரும்பியிருக்கிறது. போர்ஷ 2017-ல் கயென் காரில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய இரும்பு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கண்ணாடிபோல் மினுங்கும் அந்த முகம் துருவைத் தடுக்கிறது, தூசியையும் வெகுவாகக் குறைக்கிறது. தூசிக்கு இப்போது சட்டமும் வந்துவிட்டது. கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-ல் இயற்றிய சட்டங்கள் பேட்டிலுள்ள செம்பை 2021-க்குள் 5 சதவீதத்துக்கும், 2025-க்குள் 0.5 சதவீதத்துக்கும் கீழே இறக்கச் சொல்கின்றன. மழைநீரோடு ஓடைகளில் சேரும் செம்பு மீன்களைப் பாதிப்பதே காரணம். ஐரோப்பாவின் யூரோ 7 விதி, 2026 நவம்பர் இறுதி முதல் புதிய மாடல் கார்களின் பிரேக் துகளுக்கு முதன்முறையாக வரம்பு விதிக்கிறது: மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், மற்ற பெரும்பாலான கார்களுக்கு 7 மில்லிகிராம். இதுவரை பட்டறையில் தடிமனாலும் எடையாலும் அளந்த தேய்மானம், இனி தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் காற்றில் பறக்கும் துகளாகவும் அளக்கப்படும்.